பௌச்சியை விசாரிக்கப் போனவர்

உலுன்மாவின் இளைய மகளுக்குத் தேசிய சேவைக்குத் தராபா மாநிலம் என்று ஆணை வந்த அன்று, அவள் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, கைப்பேசியில் அரை மணி நேரத்துக்குள் தராபாவைக் கரைத்துக் குடித்துவிட்டாள். மழை எப்போது, மலை எங்கே, சந்தை எந்தக் கிழமை, எந்தச் சாலையில் பொழுது சாய்ந்தால் போகக் கூடாது, எல்லாம் அத்துப்படி. உலுன்மா பக்கத்தில் உட்கார்ந்து காராமணியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தாள். சிரிப்பாக வந்தது.

"எங்க காலத்துல இதுக்கு ஆளையே அனுப்பினோம்டி," என்றாள்.

"எந்த ஆளை?"

"எங்க அமாடி சித்தப்பாவை."

மகள் 'ம்' கொட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். போகட்டும். அவள் கேட்காவிட்டால் என்ன, கேட்க நமக்கு நேரம் இருக்கிறது.

அது எழுபத்தொன்பதாம் வருஷம், ஜூலை மாதம். பட்டப்படிப்பு முடித்தவர்கள் ஒரு வருஷம் அரசாங்கம் சொல்லும் மாநிலத்தில் போய்ச் சேவை செய்தாக வேண்டும். சொந்த ஊர்ப் பக்கம் போட மாட்டார்கள், திட்டமே அதுதான். சண்டை போட்டுக் கிழிந்து, மறுபடி ஒட்டவைத்த நாடு. பிள்ளைகளாவது ஒருவர் ஊரை ஒருவர் பார்க்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு யோசித்தது. அந்தச் சேவைச் சான்றிதழ் இல்லாவிட்டால் அரசு வேலை கிடையாது. டிகிரிக் காகிதத்தில் அக்காரா வடை மடித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நுசுக்கா பல்கலைக்கழகத்து ஜன்னலில் கடிதம் கொடுத்தார்கள். லாகோஸ் கிடைத்தவள் குதித்தாள். இபாடான் கிடைத்தவன் பெருமூச்சு விட்டான். உலுன்மாவின் கடிதத்தில் பௌச்சி என்று இருந்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. வடகிழக்கு மூலை! அந்தப் பக்கத்திலிருந்து வருவது என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காய மூட்டையும் மாட்டு மந்தையும்தான். ஆகஸ்ட் எட்டாம் தேதி அங்கே பயிற்சி முகாமில் இருக்க வேண்டும் என்று கீழே அச்சடித்திருந்தது.

உமுவாஹியாவில் வீட்டுக்கு வந்து அப்பா ஒகேஸியிடம் கடிதத்தைக் கொடுத்தாள். அவர் ஒரு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறு முறை படித்தார்.

"போக வேண்டாம்."

"அப்பா, சட்டம்ப்பா."

"சட்டம் எனக்கும் தெரியும். வடக்க கபன்சான் ஸ்டேஷன்ல பன்னெண்டு வருஷம் குமாஸ்தாவா இருந்தவன் நான். அறுபத்தாறுல நம்ம இக்போ இனத்துக்காரன்னு பாத்துப் பாத்து வெட்டுனாங்க. ஒத்தச் செருப்போட ரயிலேறி வந்து இறங்கினேன். அந்தப் பக்கத்தை எனக்குச் சொல்லித் தராதே."

"அது நடந்து பதிமூணு வருஷம் ஆச்சே."

"சரி, அதை விடு. யார் பேச்சையோ கேட்டுக்கிட்டு ஒரு பொண்ணை முன்னப் பின்ன தெரியாத ஊருக்கு அனுப்பி, நான் பட்டது போதாதா? இன்னொண்ணும் அனுப்பணுமா?"

சொல்லிவிட்டு அவர் முற்றத்தைப் பார்த்தார். அங்கே அடாக்கு, மூத்தவள், எண்ணெய்ச் சட்டி முன் உட்கார்ந்து காராமணி மாவில் அக்காரா சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல, புருஷன் கொடுத்தது. எழுபத்திரண்டில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் ஒரு துணி மூட்டையோடும் ஒரு காதோடும் திரும்பி வந்துவிட்டாள். போரின்போது அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து உலுன்மாவுக்குத் தாயும் அவள்தான். தங்கை படித்த படிப்பில் பாதி அந்தச் சட்டியில் பொரிந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெண் கேட்டு வந்தால் உடனே சம்மதம் என்று அவர்கள் கொண்டுவந்த கள்ளை வாங்கிக் குடித்துவிடுவார்களா என்ன? அந்த வீட்டுக்காரர்கள் எப்படி என்று பார்த்துவர முதலில் ஒரு ஆள் போக வேண்டும். திருட்டுக் கை உண்டா, பைத்தியம் உண்டா, ஆண்கள் அற்பாயுசில் போகிறார்களா, பெண்களை அடிக்கிறார்களா, எல்லாம் விசாரித்துக்கொண்டு வர வேண்டும். இந்த விசாரணைக்கென்றே சுற்றுவட்டாரத்தில் பேர் போனவர் அப்பாவின் தம்பி அமாடி. எங்கே போனாலும் அந்த வீட்டுப் பகையாளியைத்தான் முதலில் தேடுவார். சொந்தக்காரன் பொய் சொல்வான், பகையாளி மிகைப்படுத்துவான், மிகையில் பாதியைக் கழித்தால் உண்மை என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் ஆடு கொடுத்து அவரைக் கூட்டிப்போவார்கள். அப்பேர்ப்பட்டவர், சொந்த அண்ணன் மகளுக்குப் போய்விட்டு வந்து, "தங்கமான குடும்பம், கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்," என்றார். அடாக்கு திரும்பி வந்த நாளிலிருந்து அவரை யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. ரயிலடிக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு கிடந்தார் மனுஷன்.

அதனால்தான் அன்று அடாக்கு சொன்னதை வீட்டில் யாராலும் நம்ப முடியவில்லை.

கரண்டியைக் கீழே வைத்தாள். கேட்கும் காதை இவர்கள் பக்கம் திருப்பி, "அமாடி சித்தப்பாவை அனுப்புங்க," என்றாள்.

"யாரை?"

"அவரைத்தான். போய் அந்த மாநிலத்தை விசாரிச்சுக்கிட்டு வரட்டும். அவர் வந்து சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"பைத்தியமா உனக்கு? அவன் சொன்ன சொல்லாலதான்டி உன் காது போச்சு!"

"காது என்னோடது. அவரையே அனுப்புங்க."

திரும்பி வந்த மகள் எதைக் கேட்டாலும் அப்பா மறுத்ததில்லை. அவள் கேட்டதும் ரொம்பக் குறைவு. அன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். ஆனால், "அவன் ஒரு வார்த்தை கூட்டியோ குறைச்சோ சொன்னாலும் நீ இந்த வாசலைத் தாண்ட மாட்டே," என்று உலுன்மாவிடம் விரலை ஆட்டினார்.

உலுன்மா அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்கு ஓடினாள். சித்தப்பா ஒரு டியூபைத் தண்ணீர் வாளியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டியூப் கையிலிருந்து நழுவியது.

"மாநிலத்தையா? மாநிலத்தை எப்படிடீ விசாரிக்கிறது? அதுக்குப் பங்காளி இருக்கா, பகையாளி இருக்கா? அதோட தாய் மாமன் யாருன்னு போய்க் கேக்கட்டுமா?"

"நீங்கதான் எதையும் விசாரிப்பீங்களாமே."

"விசாரிச்சேன். காலம் போச்சு. என் நாக்குல கரி பூசியாச்சு." டியூபை மறுபடி எடுத்தார். "வேற ஆளைப் பாரு. உங்கப்பன் என் பேச்சைக் கேக்கவும் மாட்டான்."

"அப்பா அனுப்பலை. அக்காதான் உங்களை அனுப்பச் சொன்னா."

சித்தப்பா நிமிர்ந்தார். அந்த முகம் உலுன்மாவுக்கு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள். மனுஷன் மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"அடாக்குவா? அவ வாயாலயா சொன்னா?"

"அவ வாயாலதான்."

டியூபை வாளி ஓரத்தில் தொங்கவிட்டார். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னைக்கு முகாம்?" என்று கேட்டார்.

மறுநாளே ரயிலேறினார். ஒரு தகரப் பெட்டி, வழியில் தின்ன வாழையிலையில் மடித்த உக்பாப் பயறு, போர்வை ஒன்று. இங்கே ஏறினால் எனுகு, மகுர்டி, கபன்சான், ஜோஸ் என்று ஊர்ந்து, பௌச்சி நகரையும் தாண்டி, அதே மாநிலத்துக் கோம்பே வரை போகும் வண்டி. இரண்டரை நாள் என்பார்கள், மூன்றும் ஆகும். இன்று அந்த வண்டி இல்லை. ஸ்டேஷனில் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்த ஜூலையில் உலுன்மா எத்தனை முறை அந்த நடைமேடையில் நின்றிருப்பாள்! மழையில் நனைந்த கரி வாசம், அவித்த சோளம் விற்பவளின் கூவல், வண்டி நின்றதும் ஜன்னல் ஜன்னலாக ஓடும் ரொட்டிக்காரிகள். அதற்கப்புறம் எத்தனையோ ஊர் பார்த்தாயிற்று, விமானமும் ஏறியாயிற்று. வரப்போகும் வண்டிக்காக நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது அந்தப் பதினைந்து நாள்தான்.

பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர் வரவில்லை. பன்னிரண்டாயிற்று, பதின்மூன்றாயிற்று. அப்பா செருமிக்கொண்டே முற்றத்தில் நடந்தார். "எங்கயாவது கள்ளுக்கடையில குந்தியிருப்பான்," என்று பதினான்காம் நாள் வாய்விட்டே சொன்னார். அடாக்கு மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை, மாவை அடித்து நுரைக்கவிட்டுக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை வண்டியை விட்டால் உலுன்மாவுக்கு முகாமும் இல்லை, சேவையும் இல்லை, வேலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வேதக் கோயிலில் அவள் என்ன பாடினாள் என்று அவளுக்கே தெரியாது.

மத்தியானம் கோயில் விட்டு வந்தால் வாசலில் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பாதி ஆளாகியிருந்தார். காலில் செம்மண் கணுக்கால் வரை காய்ந்து கிடந்தது. மடியில் ஒரு வெங்காய மூட்டை. நான்கு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டு மர நாற்காலியில் அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லு," என்றார் அப்பா. நலமா என்று கேட்கவில்லை.

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். கெட்டதை முதலில் சொல்வது அவர் வழக்கம்.

"கோம்பேயில இறங்கினேன். தண்ணி கஷ்டம். கிணறு ஒண்ணு பாத்தேன், கயிறு அறுபது முழம் போகுது. பொண்ணுங்க ரெண்டு பேரா சேந்துதான் இழுக்கணும். சாப்பாடு கம்பங்களி. எனக்கு ரெண்டு நாள் வயித்தால போச்சு, செத்தேன்னு நெனச்சேன். கொசு நம்ம ஊரை விடப் பெருசு."

"அவ எந்தப் பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லப் போறான்னே முகாம் முடிஞ்சாதான் தெரியும். நீ கோம்பேயில குந்திக்கிட்டு என்னத்தைப் பாத்தே?"

"மாப்பிள்ளை கண்ணுல படலைன்னா அவன் அண்ணன் பொண்டாட்டி எப்படி இருக்கான்னு பாக்கறதில்லையா அண்ணே? அது மாதிரிதான். கோம்பே மட்டும் இல்ல. லாரி புடிச்சு உள்ள நாலு ஊர் போனேன்."

"சரி. மனுஷங்க?"

சித்தப்பா கொஞ்சம் தயங்கினார். "அங்க நம்ம ஆளு ஒருத்தர் தையக்கடை வச்சிருக்கார், ஓர்லுக்காரர். அறுபத்தாறுல எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்தவர். எழுபத்தொண்ணுல திரும்பிப் போனா, பக்கத்து வீட்டுக்காரர், அந்த ஊர்க்காரர், இவரோட மிஷினை அஞ்சு வருஷம் துணி மூடி வச்சிருந்திருக்கார். மாசா மாசம் எண்ணெய் போட்டிருக்கார். அதே மிஷின்லதான் இன்னைக்கும் தைக்கிறார். இதை ஊரே வந்து எங்கிட்டச் சொல்லிச்சு. ஆனா நான் அதோட விடல. அவரைத் தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். 'என் தம்பியைக் கொன்னவனையும் எனக்குத் தெரியும், சந்தையில வாரா வாரம் பாக்கறேன், அவன் குனிஞ்சுக்குவான்'னார். ரெண்டையும் சொல்லிட்டேன். ஒண்ணை மட்டும் சொன்னாப் பொய்யாப் போகும்."

அப்பாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"அப்புறம் இவளை மாதிரியே சேவைக்கு வந்த ஒரு பொண்ணு. லாகோஸ் பக்கத்து இஜேபுப் பொண்ணு, உள்ளடங்குன ஊர்ல கணக்கு டீச்சர். அவகிட்டப் போய்க் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா, யாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அதனால கேக்கல. கோலாக்கொட்டை விக்கிறவன் பக்கத்துல உக்காந்து மூணு நாள் அவ வீட்டுக்குப் போறதையும் வர்றதையும் பாத்தேன். பொழுது சாயற நேரம். தனியாத்தான் போனா. ஒரு தரம் கூடத் திரும்பிப் பாக்கல. ஒரு வீட்டு வாசல்ல நின்னு சண்டை போட்டா, என்னவோ சட்டி திருப்பித் தரலியாம். சண்டை போடற அளவுக்குப் பழகியிருக்கா. நாலாம் நாள் போய்ப் பேசினேன். அழுதுட்டா. என்னம்மா யாராவது ஏதாவது செஞ்சாங்களான்னு பதறிட்டேன். 'இல்லீங்க, எங்க வீட்லேருந்து யாரும் இப்படி வந்து பாக்கலையே'ங்கறா."

அந்தப் பெண்ணை உலுன்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் போல இருந்தது.

"அனுப்பலாம் அண்ணே," என்றார் சித்தப்பா. "கஷ்டப்படுவா. ஆனா அனுப்பலாம்."

அப்பா முன்னால் குனிந்தார். "இதையேதான் அன்னைக்கும் சொன்னே. கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்னே. இப்ப மட்டும் உன்னை எதை வச்சுடா நம்பறது?"

சித்தப்பா தலை குனிந்துகொண்டார்.

"இந்தத் தடவை போனேன் அண்ணே."

"என்னது?"

"அன்னைக்கு நான் போகவே இல்ல. ஆத்துல வெள்ளம், ஓடக்காரன் வரலை. நாளைக்குப் போலாம்னு கரையிலயே தங்கினேன். மாப்பிள்ளையோட மாமன் அங்கயே வந்துட்டான். ஆட்டுத்தலைக் கறி, கள்ளு, ரெண்டு நாள். அவன் சொன்னதைத்தான் நான் வந்து உங்ககிட்டச் சொன்னேன். நான் அந்த ஊர் மண்ணை மிதிக்கல. பாவி, நான் மிதிக்கவே இல்ல."

அப்பா எழுந்தார். எழுபது வயதை நெருங்கியவர், காலடியில் கிடந்த மணையை எடுத்து ஓங்கிவிட்டார். உலுன்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். சித்தப்பா ஒதுங்கவில்லை, அடி விழட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியும் அப்பா," என்றாள் அடாக்கு.

சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

"வாசல்ல ரெண்டு மாமரம், நிழல்ல உக்காந்து காராமணி உரிக்கலாம்னு சித்தப்பா வந்து சொன்னார். அதைக் கேட்டுத்தான் நான் சரின்னேன். போன அன்னைக்குப் பாத்தேன். மரமும் இல்ல, வெட்டுன அடிக்கட்டையும் இல்ல. இவர் வரவே இல்லைன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

சித்தப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அடாக்கு அவரைப் பார்த்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க பண்ணினது நீங்க பண்ணினதுதான். ஆனா இன்னொரு தரம் உங்களை அனுப்பினா, செத்தாலும் போய்ப் பாத்துட்டுத்தான் வருவீங்கன்னு எனக்குத் தெரியும். வேற எவனை அனுப்பினாலும் அந்த நம்பிக்கை எனக்கு வராது."

அப்பாவின் கையிலிருந்து மணை கீழே விழுந்தது. "தெரிஞ்சிருந்தா ஏன்டி சொல்லலை?" என்று கத்தினார். குரல் பாதியில் உடைந்தது. "மொத வாரமே எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தா..."

"சொல்லியிருந்தா வந்து கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டது போல இருந்தது. "மொத கிறிஸ்துமஸுக்கு வீங்கின மொகத்தோட வந்தேனே அப்பா. பொறுத்துப் போன்னு சொல்லி, நீங்கதானே லாரி ஏத்தி விட்டீங்க?"

உலுன்மா அதற்கு முன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் அவளுக்கு நினைவிருந்தது, வீக்கம் பல்வலியால் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அக்கா இரண்டே நாளில் கிளம்பிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு, வழியனுப்பக்கூட வராமல் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மனசு ஆறாது.

வெளியே ஞாயிற்றுக்கிழமைச் சத்தங்கள் கேட்டன. யாரோ எங்கோ களிக்குக் கிழங்கு இடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மெல்ல நடந்து போய், நிலைப்படியில் மூத்த மகளின் பக்கத்தில், அவளுக்குக் கேட்கிற பக்கமாக நின்றார்.

"கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்," என்றார்.

அடாக்கு தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவளுக்காவது ஒருத்தர் நிஜமாப் போய்ப் பாத்துட்டு வந்திருக்கார். இவ போகட்டும் அப்பா," என்றாள்.

திங்கட்கிழமை வண்டிக்கு உலுன்மா கிளம்பினாள். அப்பாவும் ஸ்டேஷன் வரை வந்தார். பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் அக்காதான் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.